சிம்ஸ் கேம்ல 80-கள் சிங்கப்பூர்: பட்டுப்பாவாடை போட்டோ போதும், வீட்டு கவுன் போட்டோ வேணும்

ஆசிரியர் அவங்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் கேம் விஷயமா பேப்பருக்கு லெட்டர் எழுதுற வயசா இதுன்னு வீட்ல கேலி பண்றாங்க, பண்ணட்டும். கேக்க வந்தத முதல்லயே கேட்டுடுறேன். 1980-கள்ல சிங்கப்பூர்ல நம்ம தமிழ்ப் பிள்ளைங்க வீட்லயும் புளோக்குக்குக் கீழ திறந்து கிடக்கிற வாய்ட் டெக்லயும் மார்க்கெட்லயும் சும்மா போட்டுட்டுத் திரிஞ்ச உடுப்பு தெரியுற மாதிரி போட்டோ இருந்தா அனுப்புங்கன்னு வாசகர்கள்கிட்ட கேட்டு, வாரம் ஒண்ணாவது நீங்க பேப்பர்ல போடணும். தீபாவளி போட்டோ வேணாம், கல்யாண வீட்டு போட்டோ வேணாம், ஸ்டூடியோல பின்னாடி மலையும் ஆறும் வரைஞ்ச திரை முன்னாடி நிக்க வச்சு எடுத்தது சத்தியமா வேணாம்.

ஏன் இப்படி ஒரு ஆசைன்னு கேட்டீங்கன்னா, எம்மக சிம்ஸ் 4 விளையாடுவா. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், இதுல யாரையும் சுடவும் வேணாம் கார் ஓட்டி ஜெயிக்கவும் வேணாம், குட்டி குட்டி ஆளுங்கள நாமே உண்டாக்கி, மூக்கு முழி சரி பண்ணி, டிரெஸ் போட்டு, வீடு கட்டிக் குடுத்து குடும்பம் நடத்த வைக்கணும், அவ்ளோதான் கேம். முதல் சிம்ஸ் 2000-ல வந்துச்சு, இப்ப பிள்ளைங்க விளையாடுறது 2014-ல வந்த நாலாவது. 2022 அக்டோபர்லேருந்து அடிப்படை கேம் இலவசமாயிடுச்சு, அதுக்கப்புறம் யார் வீட்டு லேப்டாப்ப திறந்தாலும் இது இருக்கு. இத விளையாடுறவங்களே உண்டாக்குன ஒரு ஆட்டம் இருக்கு, டெக்கேட்ஸ் சேலஞ்சுன்னு பேரு. ஒரு குடும்பத்த பழைய காலத்துல ஆரம்பிச்சு பத்துப் பத்து வருஷமா நகத்திட்டே வரணும், அந்தந்தக் காலத்து வீடு, சாமான், தலைமுடி, உடுப்பு எல்லாம் மாத்திட்டே வரணும். மக எங்க குடும்பத்தையே உள்ள வச்சு ஆரம்பிச்சா. கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்ததுலேருந்து ஓட்டிட்டு வந்தவ 80-கள்ல எங்க தலைமுறை பிள்ளைங்களா இருக்கிற இடத்துல வந்து மாட்டிக்கிட்டா.

80-கள் உடுப்புன்னு தேடினா கிடைக்காம இல்ல, குவிஞ்சு கெடக்கு. விளையாடுறவங்களே செஞ்சு மத்தவங்களுக்குக் குடுக்கிறத சிசின்னு சொல்றாங்க, அந்த சிசி-ல நியான் கலர் லெக்வார்மர், தோள்ல பேட் வச்ச ஜாக்கெட், ஸ்டோன்வாஷ் ஜீன்ஸ், நெத்திப்பட்டை எல்லாம் இருக்கு. கேம் கம்பெனியும் சும்மா இல்ல, 2021-ல மும்பைத் தெருவ மனசுல வச்சு ஃபேஷன் ஸ்ட்ரீட்னு ஒரு சின்ன பேக் விட்டாங்க, 2023 கடைசில ஃபார் ரென்ட் வந்தப்ப நம்ம தென்கிழக்காசியா மாதிரியே டோமராங்னு ஒரு ஊரு, அதுல இரவுச் சந்தை வேற. நல்லாதான் செஞ்சிருக்காங்க, குறை சொல்ல வரல. ஆனா 1984-ல தோ பாயோ புளோக் ஒண்ணுல பத்து வயசு தமிழ்ப் பொண்ணு சாயங்காலம் நாலு மணிக்கு என்ன போட்டிருந்தான்னு கேட்டா அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியும், நமக்கே தெரியலயே.

அதுதான் விஷயம். இந்த கேம்ல ஒரு ஆள உண்டாக்கினா ஒரு டிரெஸ் போட்டு விட்டுட முடியாது. எவ்ரிடே, ஃபார்மல், அத்லெடிக், ஸ்லீப், பார்ட்டி, ஸ்விம்வேர்னு தனித்தனியா கேக்கும், 2018-லேருந்து ஹாட் வெதர், கோல்ட் வெதர்னு இன்னும் ரெண்டு. மக எங்க ஆல்பத்த எல்லாம் தரையில பரப்பி வச்சுட்டு ஒவ்வொண்ணா நிரப்பப் பாத்தா. ஃபார்மல் ரொம்பி வழியுது, பட்டுப்பாவாடை பட்டுப்பாவாடையா இருக்கு. பார்ட்டியும் ரொம்பிடுச்சு, பிறந்தநாள் கேக் பக்கத்துல அடுக்கு அடுக்கா ஃபிரில் வச்ச கவுன். கோல்ட் வெதர்கூட கிடைச்சிடுச்சுன்னா பாத்துக்கோங்க, மலேசியாவுல குளிரான மலை கெந்திங் ஹைலண்ட்ஸ் போனப்ப யார்கிட்டயோ கடன் வாங்கின ஸ்வெட்டர்ல எல்லாரும் கைய கட்டிட்டு நிக்கிறோம். ஸ்விம்வேர் அந்தக் காலத்துல எங்க வீட்ல யாருக்கும் கிடையாது, ஈஸ்ட் கோஸ்ட்ல டீசட்டையும் அரைக்கால் சிலுவாருமா (டவுசர்) கடல்ல இறங்கி அதே ஈரத்தோட பஸ் ஏறுவோம். எவ்ரிடேயும் ஸ்லீப்பும் மட்டும் காலி. வருஷத்துல முந்நூத்துச் சொச்ச நாள் போட்டது எதுவோ அதுக்குத்தான் ஒரு போட்டோவும் இல்ல.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஃபிலிம் ரோல் ஒண்ணுல 24 இல்லாட்டி 36 படம், கழுவி பிரிண்ட் போட தனிக்காசு, வீட்டு கவுன்ல நிக்கிற பிள்ளைய யாரு படம் எடுப்பா? கேமராவ எடுத்தாலே அம்மா "இரு இரு, நல்ல சட்ட மாத்திட்டு வா"ன்னு விரட்டிடுவாங்க. அதனால இன்னைக்கு மியூசியம், புத்தகம், பள்ளிக்கூட கண்காட்சி எங்க போனாலும் பழைய காலத்துத் தமிழ்ப் பிள்ளைன்னா பட்டுப்பாவாடை, ஜிமிக்கி, தலை நிறைய பூ. எம்மக கூட்டாளிங்க நாங்க அப்படியேதான் ஸ்கூல்லேருந்து வந்து ஹோம்வொர்க் செஞ்சோம்னு நினைச்சிட்டு இருக்காங்க.

சரி, வாயாலயாவது கேப்போம்னு அக்கா, அண்ணன், பெரியம்மா மகன்னு எல்லாரையும் ஃபோன்ல பிடிச்சேன். கலெக்‌ஷன் சிரிப்பா இருந்துச்சு. வீட்ல போட்டது பாதி ஸ்கூல்ல உடற்பயிற்சி வகுப்புக்குப் போடுற பிஇ டீசட்டையும் பிஇ சிலுவாரும்தான், சொந்த ஸ்கூலோடது சின்னதாப் போனா அண்ணன் ஸ்கூலோடது. அப்பா கம்பெனில குடும்ப தினத்துல குடுத்த டீசட்டை முட்டி வரைக்கும் தொங்கும், அதுதான் ராத்திரி டிரெஸ். பொண்ணுங்களுக்கு பூப்போட்ட காட்டன் கவுன், பாசார் மாலாம்னு சொல்ற இரவுச் சந்தைல குவிச்சு வச்சு விப்பாங்க, இல்லாட்டி அம்மாவோட பழைய மெல்லிசான வாயில் துணிச் சேலைய வெட்டித் தச்சது. கால்ல ரப்பர் சிலிப்பர், வார் பிஞ்சா கீழ ஊக்கு குத்தி அதோடயே ஓடுறது. ஸ்கூலுக்கு வெள்ளை பாட்டா சப்பாத்து, ஞாயித்துக்கிழமை வெள்ளை பூசி காரிடார்ல சாச்சு வச்சுருப்போம், மழைல நனைஞ்சா அந்த வெள்ளை கரைஞ்சு சாக்ஸ் எல்லாம் ஆயிடும். தலைக்கு எண்ணெய் வழிய வழிய ரெட்டைச் சடை, மடிச்சு கறுப்பு ரிப்பன்.

இதுல பெரிய ரகளை பாவாடையிலதான். மக செஞ்ச முதல் பாவாடை அளவெடுத்து தச்ச மாதிரி கச்சிதமா கணுக்கால்ல வந்து நின்னுச்சு. எங்கம்மா கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்துட்டு "இது யாரு வீட்டுப் பிள்ளைடி, பணக்கார வீட்டுப் பிள்ளையா"ன்னு கேட்டாங்க. அந்தக் காலத்துல பிள்ளைங்க துணி எதுவுமே உடம்புக்குச் சரியா இருக்காது, ஒண்ணு வளர்ற பிள்ளைன்னு பெருசா இருக்கும், இல்ல வளந்துட்டதால சின்னதா இருக்கும். பாவாடை தைக்கிறப்பவே கீழ ரெண்டு மூணு டக், அதாவது உள்மடிப்பு, பிடிச்சு வச்சிருவாங்க, வருஷத்துக்கு ஒண்ணா பிரிச்சு விடணும். அம்மா பீரோவுல நாப்தலின் உருண்டைக்கு நடுவுலேருந்து அக்காவோட பழைய பாவாடை ஒண்ண எடுத்துட்டு வந்து காட்டுனாங்க. டக் பிரிச்ச எடத்துல மட்டும் வெயிலும் சோப்பும் படாததால துணி பழைய கலர்லயே பட்டையா கருகருன்னு இருக்கு, பட்டைக்கு மேலயும் கீழயும் வெளுத்திருக்கு, பிரிச்ச தையலோட ஊசி ஓட்டை வரிசையா ரெண்டு கோடு. மக அத ஃபோன்ல கிட்டக்க வச்சு எடுத்து கேம் உடுப்பு மேல ஒட்டுற படமான டெக்ஸ்சர்ல அப்படியே ஏத்திட்டா, அந்தப் பட்டை, அந்த ஓட்டைக்கோடு எல்லாம். இப்ப அந்தச் சிம் பொண்ணு நடந்து வந்தா எங்க வயசுக்காரி எவளாருந்தாலும் பாத்த உடனே சொல்லிடுவா, இது ரெண்டாவது வருஷப் பாவாடைன்னு.

கலரும் இப்படித்தான், போட்டோவ நம்பினா போச்சு. அந்தக் காலத்து கலர் பிரிண்ட்ல நீலப்பச்சைச் சாயம்தான் முதல்ல வெளுக்கும், ஆல்பத்துக்குள்ள இருட்டுல இருந்தாலும் வெளுக்கும், அதனாலதான் பழைய போட்டோ எல்லாம் செம்மண் பூசின மாதிரி ஆயிடுது. ஆல்பத்துல பிரவுனா தெரிஞ்ச இன்னொரு பாவாடைய பிரவுனாவே செய்ய ஆரம்பிச்சா மக, பாட்டி விடல, "அது மயில் கழுத்து, நான் சிராங்கூன் ரோட்ல நின்னு பேரம் பேசி எடுத்தது"ன்னு ஒரே பிடி. பீரோவக் குடைஞ்சா அதோட ரவிக்கைத் துணி மிச்சம் ஒரு முழம் கிடைச்சுது, மயில் கழுத்தேதான். அப்ப கேம்காரங்களும் சினிமாக்காரங்களும் பழைய காலம்னு காட்டுற அந்த மங்கின பிரவுன், ஆரஞ்சுல எவ்ளோ நெசத்துலயே இருந்துச்சு, எவ்ளோ பிரிண்ட் வெளுத்ததுன்னு எனக்கு இப்ப சந்தேகமாவே இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். கேம்ல ஒவ்வொரு உடுப்புக்கும் கலர் கலரா ஸ்வாட்ச் இருக்கும், அண்ணனுக்கு நீலம், தங்கச்சிக்கு மஞ்சள்னு வேற வேறயா போட்டு விடத்தான் யாருக்கும் கை வரும். நம்ம வீடுங்கள்ல அப்படியா? தேக்காவுல ஒரே பீஸா துணி எடுத்தா வீட்ல இருக்கிற அத்தன பிள்ளைங்களுக்கும் அதே துணிலதான் தீபாவளி, அண்ணனுக்கு சட்டை, அக்காவுக்கு மிடி, எனக்கு கவுன், மிச்சத்துல தலைகாணி உறை. தீபாவளி முடிஞ்சா அதேதான் ஊருக்குப் போற சட்டை, அப்புறம் மார்க்கெட் சட்டை, அப்புறம் வீட்டுச் சட்டை, கடைசில தரை துடைக்கிற துணி. 80-கள் தமிழ்க் குடும்பத்த கேம்ல செய்றவங்க யாராவது இதப் படிச்சா, பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஒரே டிசைன் போடுங்க, அதுதான் சரி.

டீன் ஏஜ் விஷயம் தனி. சிம்ஸ் 4-ல சின்னப் பிள்ளைக்குத்தான் தனி உடம்பு, அதுவும் பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே உடம்பு, டீன் ஏஜ் வந்துட்டா பெரியவங்க உடம்புதான், பெரியவங்க உயரம், பெரியவங்க உடுப்பு. நேத்து வரைக்கும் கவுன்ல ஓடினது திடீர்னு அத்தை மாதிரி வந்து நிக்கும். கேக்க அபத்தமா இருந்தாலும் நம்ம வீட்ல நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான், வயசுக்கு வந்துட்டா அடுத்த நாள்லேருந்து கவுனுக்குத் தடா, பஞ்சாபி சூட், தாவணின்னு வந்துரும். ஆனா அது வீட்டுக்குள்ள. வெளிய கதை வேற. 80-கள் நடுவுல ஆர்ச்சர்ட் ரோட்டு சென்டர்பாயிண்ட் கடைத்தொகுதில கூடி நின்ன பசங்கள சென்டர்பாயிண்ட் கிட்ஸ்னு பேப்பர்ல எல்லாம் எழுதுனாங்க, ஞாபகம் இருக்கிறவங்களுக்கு இருக்கும், முடிய ஜெல் போட்டுத் தூக்கிட்டு, தொளதொளன்னு சட்டை, கைல பட்டை பட்டையா ரப்பர் வளையம். 1987 டிசம்பர்ல ஆர்ச்சர்ட் வரைக்கும் எம்ஆர்டி ரயில் வந்துருச்சு, 1988-ல ஃபார் ஈஸ்ட் பிளாசாவுல செவன்டி செவன்த் ஸ்ட்ரீட்னு உடுப்புக் கடை திறந்தாங்க, தோ பாயோ, அங் மோ கியோ தமிழ்ப் பசங்களும் அங்கதான் சுத்துனாங்க. பின்னாடி மட்டும் நீளமா ஃபங்க் விட்டுட்டு திங்கக்கிழமை ஸ்கூல்ல டிசிப்ளின் மாஸ்டர்கிட்ட வெட்டு வாங்குன அண்ணனுங்க இப்ப தாத்தாவா இருப்பாங்க. அதனால சிசி-ல கிடைக்கிற அந்த நியான் கலர் 80-கள் நம்மளுது இல்லன்னு சொன்னா அதுவும் பொய்தான். சனிக்கிழமை அது, ஞாயித்துக்கிழமை பெருமாள் கோயில்ல பஞ்சாபி சூட், காதுல நதியா கம்மல். ரெண்டும் ஒரே பொண்ணு. நதியா கம்மல், நதியா வளையல்னு அந்த நடிகை பேர்ல விக்காத ஃபேன்சி கடை அப்ப சிராங்கூன் ரோட்ல இருந்துச்சா என்ன?

செய்றது லேசுன்னு நினைச்சிடாதீங்க. பிளெண்டர்னு ஒரு சாஃப்ட்வேர்ல உடுப்போட மெஷ், அதாவது முப்பரிமாண உருவம், செஞ்சு, சிம்ஸ் 4 ஸ்டூடியோங்கிறதுல போட்டு பேக்கேஜ் ஃபைலா மாத்தி மோட்ஸ் ஃபோல்டர்ல வைக்கணும். பெரியவங்களுக்குச் செஞ்ச பாவாடைய அப்படியே பிள்ளைக்குப் போட முடியாது, உடம்பு வேற, திரும்ப முதல்லேருந்து பொருத்தணும், இல்லாட்டி நடக்கிறப்ப பாவாடையக் கிழிச்சுட்டு வந்த மாதிரி முட்டி வெளிய நீட்டும். குட்டிப்பிள்ளைன்னா இன்னொரு உடம்பு, அதுங்க இந்த கேம்க்கு வந்ததே 2017-லதான். கம்பெனி அப்டேட் விட்டா சில நேரம் செஞ்சது எல்லாம் கோளாறாயிடும், அன்னைக்கு எங்க வீட்ல யாரும் மககிட்ட பேச மாட்டோம். ஒரு நல்லது மட்டும் சொல்லணும், 2020 டிசம்பர்ல நூத்துக்கு மேல புது தோல் நிறம் குடுத்தாங்க, கூட்டிக் குறைக்கவும் வழி வச்சாங்க, அதுக்கு முன்னாடி கறுப்பா ஒரு பிள்ளை செஞ்சா சாம்பல் பூசின மாதிரி இருக்கும்னு உலகம் பூரா திட்டுனாங்க. இப்ப எங்கண்ணன் நிறம் எங்கண்ணன் நிறமாவே வருது.

தேசிய நூலக வாரியத்துல இல்லாத போட்டோவா, ஆவணக் காப்பகத்துல இல்லாததான்னு சிலர் கேப்பீங்க. பாத்தோம். 2015-ல கேம்பல் லேன்ல திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் கூட்டிட்டுப் போனேன். நல்ல நல்ல சேலை, நகை, பெரிய மனுஷங்க படம், பாக்கப் பெருமையாத்தான் இருக்கு. பழைய தமிழ்ப் பேப்பர் எல்லாம் நூலக வாரியத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி-ல ஏத்தி வச்சிருக்காங்க, அதுலயும் தேடினோம், விளம்பரமும் விழா படமும்தான் கண்ணுல பட்டுச்சு. அவங்க மேல தப்பு இல்ல, நம்ம வீட்ல இருக்கிறது நாம குடுத்தாத்தான அங்க போகும், நாமளும் குடுக்கிறப்ப நல்லதா பாத்துத்தான் எடுத்துக் குடுக்கிறோம். பின்னாடி கொடியில காயிற துணி தெரியுதேன்னு ஒதுக்கி வச்சுடுறோம் பாருங்க, எம்மகளுக்கு அந்தக் கொடிதான் வேணும்.

அதனால ஐயா, பேப்பர்ல அரைப் பக்கம், அதுகூட இல்லாட்டி ஒரு மூலை ஒதுக்குங்க. அனுப்புறவங்க போட்டோவோட எந்த வருஷம், எந்த வட்டாரம், உடுப்பு கடையில வாங்குனதா தச்சதா, தச்சதுன்னா அம்மாவா டெய்லரா, துணி என்ன துணி, நெசக் கலர் என்ன, இதயெல்லாம் நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க. வயசானவங்க இருக்கிறப்பவே கேட்டு எழுதிடுங்க, நமக்கு மறந்துபோன கலர் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. மூஞ்சி பேப்பர்ல வர்றது பிடிக்காதவங்க கழுத்துக்குக் கீழ மட்டும் வெட்டி அனுப்பலாம், எங்களுக்கு வேண்டியது அதுதான். பையங்க படம் முக்கியமா வேணும், பொண்ணுங்க பாவாடையாவது பீரோவுல கிடக்கும், பையங்க சிலுவார எவரும் எடுத்து வைக்கல. பின்னணியில தற்செயலா விழுந்த பிள்ளைங்க இருந்தா இன்னும் நல்லது, மணல் போட்ட டிராகன் பிளேகிரவுண்ட்ல யாரோ ஒருத்தர எடுத்த படத்துல ஓரமா ஓடுற பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி, அவங்களுக்குத்தான் நல்ல சட்டை மாத்த நேரம் இருந்திருக்காது.

அப்புறம் ஒண்ணு, அனுப்புறவங்க தயவுசெஞ்சு ஆல்பத்துலேருந்து போட்டோவப் பிச்சு எடுக்காதீங்க. அந்தக் காலத்து பசைப் பக்கம் வச்சு மேல பிளாஸ்டிக் ஒட்டுற ஆல்பத்துல போட்டோ இறுகிப் போயிருக்கும், இழுத்தா முதுகு கிழிஞ்சு வந்துடும், எங்க வீட்லயே ரெண்டு அப்படிப் போச்சு. பிளாஸ்டிக்க மட்டும் மெதுவா தூக்கிட்டு, ஜன்னல் பக்கம் வச்சு, லைட் பளிச்சுன்னு அடிக்காம ஃபோன்ல எடுத்தா போதும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி ஒருத்தி